டீச்சர் இன்னும் உட்காரவில்லை

எங்கள் வீட்டுக் காரை ஓட்டுவது நான். ஓட்ட வைப்பது என் மாமியார். கல்யாணமான புதிதிலிருந்து இதுதான் ஏற்பாடு. காலையில் அவரைச் சலவைக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் நான் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவேன். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஆரம்பித்துவிடுவார். முன்னால் சைக்கிள் போகிறது, பின்னால் லாரி வருகிறது, அந்த வேன்காரன் முழியே சரியில்லை, சிக்னல் மஞ்சளாகப் போகிறது, இப்போதே வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் குலுக்கி நிறுத்தாதீர்கள். இத்தனைக்கும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதைச் சொல்லிக்காட்ட நாக்கு நுனிவரை வார்த்தை வரும். ஆனால் அதை வெளியே விட எதிராளி ஒரு விநாடியாவது நிறுத்த வேண்டுமே. அந்த அம்மாள் மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

பார்க்காததற்குக் காரணம் உண்டு. அது அவர் படித்த பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவில் இருக்கிறது.

குழுவில் அவர் கடைசி வரிசை. அந்த வரிசையில் நான்கு பேர். தகரத்தில் தட்டியது போன்ற குரல் என்பதால் ஒருத்திக்குப் பெயர் டமாரம். மெல்லிசாகக் காதுக்குள் இறங்கும் குரல்காரி ஊசி. முன்பல் இடைவெளி வழியே பாதிக் காற்றைத் தப்பவிடுகிறவள் விசில். என் மாமியார் கிணறு. குரல் அடியிலிருந்து வரும். எவ்வளவு இறைத்தாலும் மூச்சு வற்றாது. இன்றைக்கு டமாரம் இரும்புக்கடை முதலாளி. ஊசி பல் மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். நால்வரும் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. ஆனாலும் போனை எடுத்தால் "ஏய் கிணறு" என்றுதான் பேச்சு தொடங்கும். சொந்தப் பெயர் ஒன்று இருப்பதே ரேஷன் அட்டைக்கும் ஆஸ்பத்திரி சீட்டுக்கும் மட்டும்தான்.

அந்தப் பள்ளியின் ஆண்டுவிழாவில் ஒரு வழக்கம். பாட்டுக் குழு மேடையில் பள்ளிப் பாட்டைப் பாட, தலைமை ஆசிரியை மண்டபத்தின் பின்வாசல் வழியாக நுழைந்து, நடுவில் நடந்து வந்து, மூன்று படியேறி, மேடை நாற்காலியில் உட்காருவார். அந்த அம்மாளுக்குக் கனத்த சரீரம், முழங்கால் வலி வேறு. போதாக்குறைக்கு அவர் செருப்பு. ஒவ்வோர் அடிக்கும் 'கீய்ங்' என்று கத்துமாம். ஒரு வருடம் அவர் பாதி வழியில் வரும்போதே பாட்டு முடிந்துவிட்டது. மீதி வழி முழுக்க மண்டபமே வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் செருப்பைக் கேட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று எவளோ ஒருத்தி முணுமுணுத்தாள். அவ்வளவுதான், பொத்திய கைகள் எல்லாம் விலகிவிட்டன. மறுநாள் பாட்டு டீச்சருக்கு அறைக்குள் கூப்பிட்டு அர்ச்சனை நடந்தது.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. பாட்டின் கடைசி எழுத்து ஒரு 'ஆ'. தலைமை ஆசிரியை உட்காரும்வரை அந்த 'ஆ' ஓயக்கூடாது. அவர் நேராக வந்தாலாவது பரவாயில்லை. நடுவழியில் நின்று, எந்தப் பெண்ணின் சட்டையில் பொத்தான் போடவில்லை என்று பார்த்து, போடச்சொல்லி, அவள் போடும்வரை காத்திருந்துதான் அடுத்த அடி வைப்பார். முன்வரிசைக் குட்டிகள் அதற்குள் காற்றுப்போன பலூனாகிவிடுவார்கள். கடைசி வரிசை நால்வரும் கூடிப்பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் இருப்பவள் மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே. வாங்குவதற்கு முன் முழங்கையால் ஓர் இடி கொடு. நான் விடப் போகிறேன், நீ பிடித்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். இப்படியே இடி வரிசையில் போய்வந்து கொண்டிருக்க, கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரே 'ஆ' அறுபடாமல் கேட்கும்.

படி வந்தால் மட்டும் வேறு ஏற்பாடு. தலைமை ஆசிரியை கைப்பிடியைப் பிடிப்பார், ஒரு காலை வைப்பார், இன்னொரு காலைச் சேர்ப்பார், நின்று பெருமூச்சு விடுவார். பிறகு அடுத்த படி. அதற்குள் மற்ற மூவருக்கும் நெஞ்சு காய்ந்துவிடும். அதனால் அவர் முதல் படியில் கால் வைத்ததும் மூவரும் ஒரேயடியாக மூச்சு வாங்குவார்கள். அந்த நேரத்தில் கிணறு ஒற்றை ஆளாகத் தாங்கும். மூன்றாம் படியில் மூவரும் திரும்பி வந்து சேர்ந்துகொள்வார்கள். இந்தப் பெண்களுக்கு மூச்சே கிடையாதா என்று விழாவுக்கு வந்த ஒரு பெரிய மனிதர் கேட்டாராம். இதைச் சொல்லும்போது மட்டும் என் மாமியார் வயது குறைந்துவிடுவார்.

அந்தப் பாட்டு அவருடைய தலைமுறையோடு போயிருக்கலாம். போகவில்லை, எங்கள் வீட்டுப் பேச்சிலேயே குடியேறிவிட்டது. எந்த வேலையாவது முடியவில்லை என்றால் எங்கள் வீட்டில் "டீச்சர் இன்னும் உட்காரல" என்பார்கள். பெண் பார்க்கப் போன அன்றே என் காதில் இது விழுந்தது. காபி தயாரா என்று யாரோ கேட்க, சமையலறையிலிருந்து இந்தப் பதில் வந்தது. உள்ளே யாரோ கால்வலிக்கார டீச்சர் நின்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்து நான் என் நாற்காலியை விட்டு எழுந்தேன். பிறகு என் மகள் பிறந்தபோது, பிரசவ அறை வாசலில் போன் மேல் போன் வந்தது. எல்லோருக்கும் மாமியார் ஒரே பதில்தான் சொன்னார். கடைசியில் "உட்கார்ந்துட்டாங்க" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்து வார்டு நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

வேலை செய்யும் இடத்திலும் அதே கதைதான். மருத்துவமனைகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. அவர் அங்கே மேற்பார்வை. துவைத்துப் பிழிந்த விரிப்பை இருவர் முனைபிடித்துச் சூடான உருளைக்குள் கொடுப்பார்கள். மறுபக்கம் இருவர் வாங்கி மடிப்பார்கள். உருளை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் உள்ளே இருக்கும் துணி பொசுங்கும். ஆறிவிட்டால் மறுபடி சூடேற வெகுநேரம் பிடிக்கும். அதனால் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் பாடம், பக்கத்திலிருப்பவள் மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே. டீ குடிக்கப் போவதானால் முழங்கையால் ஓர் இடி. அந்த இரைச்சலில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவர் குரல் கொடுப்பார். மைக் வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொன்னபோது, அதை யாராவது தொண்டை இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்றாராம்.

போன வருடம் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். பயப்படுகிற கட்டி இல்லை என்று தெரிந்ததும் நாங்கள் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று கேட்டார். "இல்ல" என்றார் மாமியார். துருப்பிடித்த கீல் கதவு திறந்தது போல ஒரு சத்தம் வந்தது. பேசியது யார் என்று அவரே தலையைத் திருப்பித் தேடினார். தான்தான் என்று புரிந்ததும் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். குரல் நரம்பில் ஒன்று சோர்ந்திருக்கிறது. இன்னொன்று நன்றாக இருக்கிறது. பேசப் பேச, நன்றாக இருப்பது மற்றதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கப் பழகிக்கொள்ளும். பழைய குரல் அப்படியே வராது, ஆனால் ஒரு குரல் வரும். பேசாமலே விட்டால் அதுவும் போய்விடும். குரல் பயிற்சி கொடுக்கும் அம்மாள் தினமும் காலையில் 'ஆ' என்று எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் இழுக்கச் சொன்னார். யாரிடம் போய் எதைச் சொல்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது. மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அமைதி. அமைதி நல்லது என்று எழுதி வைத்தவர்கள் அதோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். தலையாட்டல், கைத்தட்டல், ரொம்ப அவசியமானால் காதருகே வந்து காற்றாக ஒரு சொல். என் மனைவி கெஞ்சினாள், கோபித்தாள், ஒருநாள் அழுதும் பார்த்தாள். மாமியார் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. சலவைக்கூடத்தில் துண்டை உதறி உதறி வேலை வாங்கினார். ஒருநாள் உருளைப் பக்கம் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் டீக்குப் போய்விட்டார்கள். விரிப்பு உள்ளே சுருண்டுகொண்டது. கூடத்தின் மறுமுனையிலிருந்து அதைப் பார்த்தவர், கத்துவதற்கு வாயைத் திறந்திருக்கிறார், ஒன்றும் வரவில்லை. ஓடிப்போய் நிறுத்துவதற்குள் ஒரு கட்டு விரிப்பு பழுப்பேறிவிட்டது. அன்று மாலை காரில் ஏறி, என் தோளைத் தொட்டு, காதருகே சொன்னார்.

"கிணறு வத்திப்போச்சு மாப்பிள்ளை."

மறுநாள் காலை வண்டியை எடுத்ததும் நானே ஆரம்பித்தேன். அத்தை, முன்னால் சைக்கிள் போகிறது. அத்தை, அந்த லாரி நம்மைப் பார்க்கவில்லை. அத்தை, மஞ்சள் விழப்போகிறது. வேண்டுமென்றே தப்பாகக்கூடச் சொன்னேன். பச்சை விளக்கைச் சிவப்பு என்றேன். கண்ணாடியில் பார்த்தால் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நன்றாகக் குலுக்கி நிறுத்தியும் பார்த்தேன். மேலே இருக்கும் பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பின்னால் வந்தவன்தான் என்னைத் திட்டினான்.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. மண்டபத்தைப் புதுப்பித்திருக்கிறார்களாம், பழைய மாணவிகள் கூடி, பழைய பாட்டைப் பாட வேண்டுமாம். 'கடைசி வரிசை' என்று நால்வருக்கும் போனில் ஒரு குழு உண்டு. அதில் குரல் செய்திகள் வந்து குவிந்தன. மாமியார் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பார்த்தார்கள் மூவரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். விசில் தன் பயிற்சிக் காரை எங்கள் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார். பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் நிறுத்துகிற இலட்சணம் அது.

மாமியார் உள்ளறையிலிருந்து வரவில்லை. மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். டமாரம் மெதுவாகப் பேசினாலே எங்கள் வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கும். அன்று ரொம்ப மெதுவாகத்தான் பேசினார். நீ பாட வேண்டாம் என்றார். இப்போதைய தலைமை ஆசிரியை சின்ன வயது, விளையாட்டு டீச்சராக இருந்து மேலே வந்தவர், ஒத்திகை பார்க்கப் போனால் நடப்பதற்குப் பதில் ஓடுகிறார் என்று ஊசி குறைப்பட்டுக்கொண்டார்.

"நாங்க 'ஆ'ன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்க உட்கார்ந்துட்டாங்கடி. கொட்டாவி விட்ட மாதிரி இருந்துச்சு பாட்டு."

அதனால் அவர்கள் ஒரு யோசனையோடு வந்திருந்தார்கள். பழைய தலைமை ஆசிரியை போல யாராவது நடந்து வர வேண்டும். புதிய அம்மாளும் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார். அந்த நடையைக் கூடவே இருந்து பார்த்தவள், அதைவிடக் கிண்டலடித்துப் பழகியவள், கிணற்றைவிட வேறு யார்.

"பாட வேணாம். நடந்து வந்து உட்காரு, போதும்" என்றார் டமாரம்.

மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மனைவியும் கதவுக்குப் பின்னால் நின்று ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தோம். பிறகு காற்றாக ஒரு சொல் வந்தது.

"செருப்பு?"

மூன்று பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். கத்துகிற செருப்புக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு மாப்பிள்ளை தலையில் விழுந்தது. நல்ல வேலைகள் எல்லாம் எனக்குத்தான் வரும். மாமியாரின் செருப்பைச் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள், வரவழைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். ஆனாலும் தொழில் தெரிந்தவர். அடித்தோலுக்கு நடுவே எதையோ செருகிக் கொடுத்தார். கடையிலேயே போட்டு நடந்து பார்த்தேன். இரண்டு தெரு நாய்கள் எழுந்து ஓடின.

ஒத்திகை எங்கள் வீட்டில் நடந்தது. மாமியார் அதற்கு வெளியே வர மறுத்துவிட்டார். நடப்பதற்கு ஒத்திகை எதற்கு என்று கையைக் காட்டிவிட்டு அறைக்குள் இருந்துகொண்டார். அதனால் தலைமை ஆசிரியையாக நடித்தது நான். சமையலறை வாசலில் கிளம்பி, நடையைக் கடந்து, மூன்று மரப்பெட்டிகள் மேல் ஏறி, சோபாவில் உட்கார வேண்டும். எனக்குச் சங்கீதமும் ஒன்றுதான், மிக்ஸி ஓடுவதும் ஒன்றுதான். ஆனால் நடக்க வரும். படியில் கிணறு தாங்கிய இடத்தை மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதல் படி ஊசிக்கு, இரண்டாவது டமாரத்துக்கு, மூன்றாவது விசிலுக்கு. நான் ஏறினேன், அவர்கள் தாங்கினார்கள், ஒரு பிசகும் இல்லை. ஒரே ஒரு தரம் போன் அடித்ததால் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மூவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க உட்கார்ந்தா பாட்டு செத்துடும் மாப்பிள்ளை. முடியலன்னா நில்லுங்க. உட்காராதீங்க." விசில் சொன்னபோது முகத்தில் சாரல் வேறு அடித்தது.

விழா நாள் வந்தது. மண்டபத்தில் புது வார்னிஷ் வாசனை. நானும் மனைவியும் முன்பக்கம் சுவரோரமாக நின்றோம். இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை, அதனால் நானும் உட்காரவில்லை. பழைய பாட்டுக் குழுவில் ஒரு டஜன் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நரைத்த தலைகள் எல்லாம் பள்ளிக்கூடத்து ஒழுங்கில் வரிசையாக நின்றன. கடைசி வரிசையில் மூவர், ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலி. அதை மூடி நெருங்கி நிற்கச் சொல்லி யாரோ சொன்னார்கள். மூவருக்கும் காது கேட்கவில்லை.

பாட்டு தொடங்கி, கடைசி 'ஆ'வுக்கு வந்தது. பின்வாசல் திறந்தது. 'கீய்ங்.'

மண்டபமே திரும்பியது. பழைய மாணவிகளில் பாதிப்பேர் அந்தச் சத்தத்திலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். மாமியார் கைப்பையை வயிற்றோடு அணைத்து, தாடையை உயர்த்தி, ஒரு முழங்காலைத் தாங்கித் தாங்கி வந்தார். என்னைவிட ஆயிரம் மடங்கு நன்றாக நடந்தார். நடுவழியில் நின்று, ஓய்வு பெற்ற ஏதோ அதிகாரி போல இருந்த ஒரு பெண்மணியின் கழுத்துப் பொத்தானைச் சுட்டிக்காட்டி, அவர் போடும்வரை காத்திருந்தார். அந்த அம்மாளும் எழுந்து நின்று போட்டுக்கொண்டார். மேடையில் முன்வரிசை அதற்குள் ஓய்ந்துவிட்டது. பின்வரிசை மூவரின் தோள்களும் சிரிப்பில் ஆடின. ஆனாலும் 'ஆ' அறுபடவில்லை. முழங்கை இடி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது.

மாமியார் படிக்கு வந்தார். கைப்பிடியைப் பிடித்தார். ஒரு காலை முதல் படியில் வைத்து, மறுகாலைச் சேர்த்து, நின்று மேலே பார்த்தார். மேலிருந்து மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

அப்போது மூன்று தோள்களும் ஒரே நேரத்தில் உயர்வதைப் பார்த்தேன். மூவரும் மூச்சு வாங்கினார்கள், ஒன்றாக. ஒத்திகையில் இது ஒரு தடவைகூட நடக்கவில்லை. அங்கே படியேறியது நான். இங்கே ஏறியது கிணறு. கிணறு இருக்கும்போது படியில் மூச்சு வாங்கலாம் என்று அந்த உடம்புகளுக்கு அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. பங்கு போட்டது, பேசி வைத்தது எல்லாம் காற்றோடு போயிற்று.

பாட்டு நின்றது. மண்டபத்தில் சத்தமே இல்லை. இரண்டாம் படியில் கால் வைத்த செருப்பு மட்டும் 'கீய்ங்' என்றது.

என் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். வெட்கமோ பயமோ இல்லை, கோபம். உருளையை விட்டுவிட்டு ஒன்றாக டீ குடிக்கப் போன இரண்டு பேரைப் பார்க்கிற அதே கோபம். அந்தக் கோபத்தோடே வாய் திறந்தது, குரல் வந்தது.

நல்ல குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். சொரசொரப்பான தரையில் மூட்டையை இழுத்தது போல இருந்தது. பாதி காற்று. நடுவில் ஓரிடத்தில் உடைந்து, தானே ஒட்டிக்கொண்டு மேலே போனது. சுருதி மட்டும் மயிரிழை பிசகவில்லை என்று விசில் பிறகு சத்தியம் செய்தார். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அது நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, காலைச் சேர்த்து, நின்று, நிதானமாக, ஒரு படியைக்கூட அவசரப்படுத்தாமல் அவர் அந்தக் குரலை மேலே தூக்கிக்கொண்டு போனார். தான் பாடுகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மூன்றாம் படியில் மற்ற மூவரும் வந்து சேர்ந்தார்கள். என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். நகக்குறி ஒரு வாரம் இருந்தது. எனக்கு எதிரே இருந்தவை எல்லாம் மங்கலாகத் தெரிந்தன; மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் தெரியாமல் போன நேரம் அது.

மேடையில் நாற்காலி தயாராக இருந்தது. மாமியார் அதன் அருகே போனார். அதைப் பார்த்தார். உட்காரவில்லை. சுற்றிக்கொண்டு பின்வரிசைக்குப் போய், காலியாக விட்டிருந்த இடத்தில் நின்று, ஊசியின் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தார். இந்தத் தடவை அதற்கு அர்த்தம் வேறு: நீ விடு, நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்போதுதான் சிக்கல் வந்தது. உட்கார வேண்டியவர் பாடப் போய்விட்டார். அப்படியானால் பாட்டை முடிப்பது எப்படி? நால்வருக்கும் சட்டம் ஒன்றுதான் தெரியும். நாற்காலி காலியாக இருக்கும்வரை 'ஆ' ஓயக்கூடாது. இடி போய்வந்தது, போய்வந்தது. கூட்டத்தில் கை தட்டலாமா வேண்டாமா என்று குழப்பம். டமாரத்தின் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறிவிட்டது; நாற்காலியை நோக்கிக் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தச் சின்ன வயது தலைமை ஆசிரியைக்குத்தான் புரிந்தது. கீழே முன்வரிசையிலிருந்து எழுந்து, மூன்று படியையும் ஒரே தாவில் தாண்டி, ஓடிப்போய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பாட்டு நின்றது. அவருடைய வேகத்தை இனி யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மேடைக்குப் பின்னால் நடந்ததைச் சொல்லி முடியாது. நால்வரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், அழுகை முடிவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. முதல் படி உன் பங்கு, நீ ஏன் விட்டாய் என்று டமாரம் ஊசியைக் கேட்க, படியைப் பார்த்ததும் தோள் தானாக ஏறிவிட்டது, நீயும்தானே வாங்கினாய் என்று ஊசி திருப்பிக் கேட்டார். எனக்கு ஒரு சந்தேகம். மூவரும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்தீர்களா என்று விசிலிடம் தனியாகக் கேட்டேன்.

"பேசி வெச்சதத்தான் மாப்பிள்ளை கோட்ட விட்டோம்" என்றார் அவர்.

திரும்பும்போது மாமியார் வழக்கம்போலப் பின் சீட்டில். செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். என் மனைவி முன்னால் என் பக்கத்தில். மேடையில் வந்தது ஒருநாள் கூத்தாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது, அவளுக்கும் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே அது தெரிந்தது. முதல் தெரு போயிற்று. பெரிய சாலைக்கு வந்தோம்.

"மாப்பிள்ளை." கரகரவென்று வந்தது. "முன்னாடி சைக்கிள்."

எனக்குச் சைக்கிளே தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். காலை பிரேக்கில் வைத்தேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. குலுக்கி நிறுத்தாதீங்க. அந்த லாரிக்காரன் பார்க்கல. ஏன் இவ்வளவு ஒட்டிப் போறீங்க. போன மாசம் பச்சையைச் சிவப்புன்னு சொன்னீங்களே, அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன், கண்ணாடிக் கடை வெச்சிருக்கறவருக்குக் கண்ணு கெட்டுப்போச்சா. சேர்த்து வைத்திருந்த அத்தனை மாதத்துத் திட்டும் வரிசையாக வந்தது. குரல் இடையிடையே அறுந்தது, காற்றாகப் போனது, இருமல் வந்தது. அறுந்த இடத்திலெல்லாம் என் மனைவி ஒரு "சரிம்மா" போட்டு ஒட்டினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே தொடர்ந்தார். அவர் மூச்சு வாங்குவதை அன்றுதான் நான் முதல்முதலாகக் கேட்டேன்.

எங்கள் தெரு வந்தது. வீடு வந்தது. வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்தாமல் நேராகப் போனேன்.

"வீடு போயிடுச்சு மாப்பிள்ளை."

"தெரியும் அத்தை. டீச்சர் இன்னும் உட்காரல."

கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் குனிந்து, என் தோளில் முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

"அப்ப திரும்பறதுக்கு முன்னாடி இண்டிகேட்டரைப் போடுங்க."